கேட்பாரற்ற வாத்து முட்டைக்கு அடைக்கோழியா, தெர்மாகோல் பெட்டியா, மெஷினா?

அறுவடை முடிந்த வயலில் வாத்துப் பட்டி மேய்ந்துவிட்டுப் போனால், வரப்போரம் நாலைந்து முட்டைகள் கிடப்பது டெல்டா பக்கம் சகஜம். மேய்ச்சல் வாத்துகள் பெரும்பாலும் அடையில் உட்காராது. போட்ட இடத்தில் விட்டுவிட்டு நடையைக் கட்டிவிடும். பட்டிக்காரர் பக்கத்தில் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், அவர் பிழைப்பு அது. குளத்தங்கரையில் புள்ளிமூக்கு வாத்து போன்ற காட்டுப் பறவையின் கூடு என்றால் கை வைக்கவே வேண்டாம். தாய் இரை தேடப் போயிருக்கும்; 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டமும் சும்மா விடாது.

கிடைத்த முட்டையைப் பொரிக்க வைக்க என் ஓட்டு முதலில் அடைக்கோழிக்குத்தான். கரண்ட் போனாலும் கவலையில்லை. ஆனால் பெரிய முட்டையைக் கோழியால் சரியாகத் திருப்ப முடியாமல் போகலாம், தினமும் கையால் திருப்பிவிடுங்கள். வாத்து முட்டை பெரிது என்பதால் ஏழெட்டுக்கு மேல் வைக்கக் கூடாது, ஓரத்து முட்டைக்குச் சூடு போகாது. கோழி முட்டையோடு கலந்து வைப்பதுதான் பலரும் செய்கிற தப்பு. கோழிக்கு 21 நாள், வாத்துக்கு 28. பொரிந்த கோழிக்குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தாய் இறங்கிவிட்டால், உள்ளே இருக்கிற வாத்துக் கரு ஆறிச் செத்துப்போகும். மஸ்கோவி வாத்து என்றால் 35 நாள். அவ்வளவு நாள் உட்கார எல்லாக் கோழிக்கும் பொறுமை கிடையாது. அடையில் இரும்புத் துண்டும் மிளகாய் வற்றலும் போடச் சொல்வார்கள். போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பேன் மருந்தை மறக்காதீர்கள்.

அடைக்கோழி இல்லையா? முட்டை பொரிக்கும் ரெடிமேட் மெஷினைவிட (இன்குபேட்டர்), ஃபேன் வைத்த தெர்மாகோல் பெட்டியே எனக்குப் பிடிக்கும். மெஷினில் தானாகத் திருப்பும் வசதி உண்டு, சரி. ஆனால் சின்ன மெஷின்களின் தட்டு பெரும்பாலும் கோழி முட்டை அளவுக்குச் செய்தது. வாத்து முட்டை அதில் திணறும். பெட்டிக்கு ஒரு குண்டு பல்பு, சூட்டைப் பார்த்துப் பல்பை அணைத்து ஏற்றும் டபிள்யூ 1209 தெர்மோஸ்டாட் போர்டு, கம்ப்யூட்டர் ஃபேன் போதும். 37.5 டிகிரியில் நிறுத்துங்கள். ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. அதில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 அளவுக்குக் காட்ட வேண்டும். பெட்டியோ மெஷினோ, போர்டு காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல் இன்னொரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பாருங்கள்.

பெட்டியிலும் திருப்புவது உங்கள் வேலை. பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, தினம் மூன்று அல்லது ஐந்து முறை. ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்த்தால், சிலந்தி கால் விரித்தது போலச் சிவப்பு நரம்புகள் தெரியும். ஒன்றும் இல்லாமல் வெளிச்சம் அப்படியே ஊடுருவினால் கூமுட்டை. உள்ளே ரத்த வளையம் மட்டும் நின்றால் கரு செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள், கெட்ட முட்டை உள்ளே வெடித்தால் நாற்றம் ஒருபக்கம், மற்ற முட்டைகளுக்கும் ஆபத்து.

ஈரப்பதத்தில்தான் வாத்து முட்டை ஆளைச் சோதிக்கும். முதலில் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 70. அந்த மூன்று நாளும் திருப்பவும் கூடாது, அடிக்கடி திறக்கவும் கூடாது. பெட்டியில் இன்னொரு தண்ணீர்க் கிண்ணமும் ஈரத்துணியும் வைத்தால் ஏறிவிடும். சின்ன மெஷினின் குட்டித் தொட்டி பல நேரம் போதாது. ஓட்டைக் கொத்திய குஞ்சு வெளியே வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பொறுக்காமல் பிய்த்தால் ரத்தம் வரும்.

பொரிந்த பிறகும் கோழிதான் முந்துகிறது: குஞ்சுகளைத் தானே அணைத்துக்கொள்ளும். குஞ்சுகள் தண்ணீரில் இறங்கும்போது கரையில் நின்று அது போடும் கூச்சல் தனிக் கதை. பெட்டிக் குஞ்சுக்கு இரண்டு மூன்று வாரம் பல்பு வேண்டும். தாய் வாத்து இல்லாத குஞ்சை உடனே நீந்த விடாதீர்கள், நனைந்து விறைத்துவிடும். மூக்குத் துளை முங்கும் ஆழத்துக்கு ஒரு கிண்ணத்தில் குடிக்கத் தண்ணீர் வைத்தால் போதும்.