விட்ட இடத்துக்குத் திரும்ப எது நல்ல வழி: கராத்தேயா, பாக்ஸிங்கா, சிலம்பமா?

13 வருடம் கழித்து கராத்தேயின் வெள்ளை உடை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்தில் நின்றேன். மாஸ்டர் "ஹெய்யான் ஷோதான்" என்று ஓர் அசைவு வரிசையின் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தார். யோசிக்கவே இல்லை. உடம்பு தானாக இடது பக்கம் திரும்பிக் கீழே தடுத்தது, வலது கால் முன்னே போனது, குத்து விழுந்தது. 21 அசைவும் வரிசை தப்பாமல் வந்து முடிந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. மறுநாள் காலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் மாடிப்படி இறங்க முடிந்தது.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தேதான் வரும். பழகிய அசைவு பல வருடம் ஆனாலும் மறக்காது, நீச்சல் மாதிரி. மூச்சு அப்படியில்லை. பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே இறங்க ஆரம்பித்துவிடும். தசை பலம் நிதானமாகக் குறையும், திரும்பச் செய்தால் ஓரளவு சீக்கிரம் வந்தும் சேரும். தசையை எலும்போடு பிணைக்கிற தசைநாண்தான் எல்லாவற்றிலும் மெதுவானது. அது உறுதியாக மாதக்கணக்கில் ஆகும். ஆக, ஒரு மாதத்தில் மூச்சு தேறி, அசைவுகளும் கூடிவந்து, "பழைய ஃபார்ம் வந்துவிட்டது" என்று மனசு சொல்கிற நேரத்தில் குதிகால் தசைநாண் இன்னும் பாதி வழியில் நின்றுகொண்டிருக்கும். அடிபடுவது அந்த நேரத்தில்தான்.

அதனால் எந்தக் கலை உசத்தி என்ற கேள்வியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வேகம் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். என் கையிலா, எதிரே நிற்பவர் கையிலா, பக்கத்து வரிசைக்காரர் கையிலா?

நான் கராத்தேயின் ஒரு பிரிவான ஷோட்டோகானில் சேர்ந்தது எட்டாம் வகுப்பில். பிரவுன் பெல்ட் வரை வந்து, பிளாக் பெல்ட் தேர்வு எழுதாமலே 28 வயதில் நின்றுவிட்டேன். நைட் ஷிப்ட், கல்யாணம், குழந்தை என்று காரணங்கள் வரிசையாக வந்தன. போன வருடம், 41 வயதில், திரும்பத் தொடங்கினேன். பழைய கராத்தே வகுப்பு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாக்ஸிங் ஜிம், ஞாயிற்றுக்கிழமை சிலம்பம் என்று மூன்றையும் செய்து பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். இருப்பது வடசென்னை என்பதால் மூன்றுமே கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன.

பழைய கராத்தே வகுப்பு

முதல் தடை உடம்பு இல்லை, பெல்ட். வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றுவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். மாஸ்டர் என்னைப் பார்த்ததும் கேட்டது, "பெல்ட் எங்கடா?" வீட்டில் இருக்கிறது என்றேன். "நாளைக்குக் கட்டிட்டு வா. அது நீ வாங்கினது."

பெல்ட்டுக்கு இந்த மதிப்பு வந்த கதையே புதிதுதான். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தன் மாணவர்களுக்காகக் கொண்டுவந்த முறை அது. ஷோட்டோகானின் தந்தை கிச்சின் ஃபுனாகோஷி அதை எடுத்துக்கொண்டு கராத்தேயில் முதல் பிளாக் பெல்ட்டுகளைக் கொடுத்தது 1924-ல். நூறு வருடம்தான் ஆகிறது. ஆனாலும் அந்தப் பழுப்புத் துணியை இடுப்பில் கட்டியதும் முன்வரிசைக்குப் போக வேண்டியதாகிவிடுகிறது. என் இடது பக்கம் நின்றவன் 16 வயதுப் பையன், அவனும் பிரவுன் பெல்ட். இச்சி, நி, சான், ஷி என்று எண்ணிக்கை ஓட ஓட, ரவுண்ட் கிக்கை அவன் தலை உயரத்துக்குத் தூக்கினான். நானும் தூக்கினேன். தொடையின் உள்பக்கம் சுருக்கென்று இழுத்தது.

மாஸ்டர் வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு கூப்பிட்டு, "நான் சொல்ற வரைக்கும் இடுப்புக்கு மேல கால் போகக் கூடாது" என்றார். பழைய இடத்துக்குத் திரும்புவதில் இருக்கிற பெரிய லாபம் இந்த ஒரு வாக்கியம்தான். 20 வயதில் நான் எப்படி உதைத்தேன் என்பதும் அவருக்குத் தெரியும், இப்போது எது முடியாது என்பதும் தெரியும். புது இடத்தில் இதைக் கண்டுபிடிக்கவே ஒரு கோச்சுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

கராத்தேயில் வேகம் பாதி நம் கையில் இருக்கிறது. கட்டாவை, அதாவது தனியாகச் செய்கிற அசைவு வரிசையை, மெதுவாகச் செய்யலாம், மூச்சுக்கு ஒரு அசைவு என்று கூடச் செய்யலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குமித்தே, அதாவது ஜோடியாக மோதுவது, வந்தால் அது கைமீறிப் போகும். எதிரே இருப்பவர் பாய்ந்தால் நாமும் பாய்ந்தாக வேண்டும், அந்தத் திடீர்ப் பாய்ச்சல்தான் குதிகால் தசைநாணுக்கு எமன். இன்னொன்று, ஷோட்டோகானின் நிலைகள் நீளமும் தாழ்வும் ஆனவை. முன் காலை மடக்கி நிற்கிற ஜென்குட்சு டாச்சி நிலையில் முன் முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் மொத்த எடையும் மூட்டில் இறங்கும். முழங்கால் பாதம் பார்க்கிற திசையைத்தான் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மாதம் நான் நிலையை ஒரு பாதம் அளவுக்குக் குட்டையாக வைத்துக்கொண்டேன்.

பாக்ஸிங் ஜிம்

எங்கள் பக்கத்தில் குத்துச்சண்டை இன்று நேற்று வந்ததில்லை. சார்பட்டா, இடியாப்பா என்று பரம்பரை சொல்லி மோதிக்கொண்ட மண். 1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சி ஆட்டம் ஆடினார். அதனால் ஜிம் வாசலில் கால் வைக்கும்போதே எனக்கு ஒரு மரியாதை இருந்தது.

இங்கே பெல்ட் கிடையாது, யாருக்கும் நம்மைத் தெரியாது. அது எவ்வளவு பெரிய விடுதலை என்று முதல் நாளே புரிந்தது. நேரமும் வசதி, மாலை 7 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் போகலாம். மூச்சைத் திரும்பக் கொண்டுவருவதில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. 3 நிமிடம் அடி, 1 நிமிடம் ஓய்வு, மணி அடித்தால் மறுபடி அடி. ஆறு வாரத்தில் ரயில்வே மேம்பாலத்தை மூச்சு வாங்காமல் ஏறினேன்.

கராத்தேயிலிருந்து வருகிறவருக்குக் கை இடுப்புக்குப் போகிற பழக்கம் இருக்கும். ஒரு கை குத்தும்போது மறு கையை இடுப்பில் இழுத்து வைப்பது வருடக்கணக்கில் ஊறிப்போனது. "சார், கை தாடைகிட்ட, தாடைகிட்ட" என்று கோச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை, அங்கே இடுப்பில் இருக்கிற கைக்கு வேலை இல்லை.

கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். நான்காம் நாளே ஸ்கிப்பிங்கில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. 10 நிமிடம் இடைவிடாமல் குதி என்றார்கள், குதித்தேன். அது என் தவறும்கூட, ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாவது வாரமே 22 வயதுப் பையனோடு ஸ்பாரிங்குக்கு, அதாவது எதிரெதிரே நின்று மோதும் பயிற்சிக்கு, ரிங்கில் ஏற்றிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. அவன்மேல் குறை இல்லை, வேகத்தைக் குறைக்கச் சொல்லி அவனிடம் யாருமே சொல்லவில்லை. அன்று இரவு முழுக்கத் தலைவலி. தலைக்கவசம் போட்டிருந்தீர்களே என்று கேட்கலாம். அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை உள்ளே குலுங்குவதை நிறுத்தாது. காலையில் எழுந்து வேலைக்குப் போக வேண்டிய, குடும்பம் இருக்கிற ஆள் பயிற்சிக்காகத் தலையில் அடி வாங்க ஒரு காரணமும் இல்லை. பாக்ஸிங் ஜிம்மில் சேரும் முன் நான் கேட்கச் சொல்வது ஒரே ஒரு கேள்வி: "ஸ்பாரிங் இல்லாமல் பயிற்சி எடுக்கலாமா?" பதில் இழுத்தடித்தால் வேறு ஜிம் பாருங்கள்.

சிலம்பம்

இதற்கு நான் போனது என் மகளுக்குத் துணையாக. பள்ளியில் அவளோடு படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் கம்பு சுற்றுகிறார்கள். விளையாட்டு இட ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் தமிழக அரசு சேர்த்தது, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது, எல்லாம் சேர்ந்து ஆசானின் வகுப்பு நிரம்பி வழிகிறது. ஓரமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "தம்பி, சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துல ஒரு கம்பை எடுங்க" என்றார்.

என் புருவ உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு. வெறுங்கால், மண் தரை. முதலில் நிலத்தைத் தொட்டு வணங்கி சலாம் வரிசை என்கிற வணக்க அசைவுகள், அப்புறம் காலடி என்கிற கால் வைக்கும் முறை. சுற்றச் சொன்னபோது கம்பு என் முழங்கையிலேயே இடித்தது. உள்ளங்கையில் பிடியை இறுக்கினால் கம்பு சுற்றாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, மற்ற விரல்கள் திறந்து திறந்து மூட வேண்டும். அதைப் புரிந்துகொள்ளவே மூன்று ஞாயிறு போனது. சரியாகப் பிடிபட்ட அந்த நிமிடம் காற்றில் "விர்" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அதைக் கேட்கத்தான் மறு வாரமும் போனேன்.

வேகம் யார் கையில் என்ற என் கேள்விக்கு மிக நல்ல பதில் கிடைத்தது இங்கேதான். முதல் பல மாதங்களுக்கு எதிரே ஆளே கிடையாது. கம்பும் காற்றும் நாமும்தான். இன்னொரு காரணம் எனக்கு அதைவிட முக்கியமாகப்படுகிறது. சிலம்பத்தில் எனக்குப் பழைய நான் கிடையாது. "அப்போது இதை எப்படிச் செய்தேன்" என்று ஒப்பிட ஒன்றும் இல்லை. கராத்தே மைதானத்தில் ஒவ்வொரு உதையிலும் 25 வயது நான் பக்கத்தில் நின்றேன், தொடையை இழுத்துவிட்டது அந்தப் போட்டிதான்.

குறைகளும் உண்டு. மணிக்கட்டும் தோளும் முதல் மாதம் நன்றாக வலிக்கும். தோளில் ஏற்கெனவே பிரச்சினை இருந்தால் ஆசானிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் மூச்சுக்கு அவ்வளவாக வேலை இல்லை. தனியாகப் பழக இடம் வேண்டும், வயரும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிற எங்கள் மொட்டை மாடியில் கம்பை முழுசாக நீட்டவே முடியாது.

ஜூடோவும் ஜியு ஜிட்சுவும் ஏன் பட்டியலில் இல்லை என்று சிலர் கேட்பார்கள். அவை மோசம் என்பதால் விடவில்லை. தலையில் குத்து கிடையாது, பிடி இறுகினால் கையால் தட்டி நிறுத்திக்கொள்ளலாம், அந்த வகையில் பாக்ஸிங்கைவிட நல்லது. ஆனால் அடிபடாமல் விழுவது எப்படி என்பதையே முதலில் கற்க வேண்டும், கீழே நல்ல மேட் வேண்டும், எடை தெரிந்து ஜோடி சேர்க்கிற ஆசிரியர் வேண்டும். இது மூன்றும் ஒன்றாக இருக்கிற இடம் என் வீட்டுப் பக்கம் இல்லை. வீட்டிலேயே தனியாகச் செய்வதையும் முயன்றேன், ஒன்பது நாள் நடந்தது. திருத்த ஆள் இல்லை, வராவிட்டால் கேட்கவும் ஆள் இல்லை.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

முழங்காலுக்குப் பாதுகாப்பு சிலம்பம், அடுத்து பாக்ஸிங், கடைசியில்தான் கராத்தே. மூச்சுக்குப் பாக்ஸிங்தான், பேச்சே இல்லை. செலவில் நான் கொடுத்தது கராத்தேக்கு மாதம் 800 ரூபாய், சிலம்பத்துக்கு 500, ஜிம்முக்கு 2,000, அதோடு கையுறையும் கைக்கட்டுத் துணியும் தனி. கூச்சம் குறைவு பாக்ஸிங்கில். அன்பு அதிகம் கராத்தேயில், ஏனென்றால் அங்கே நம்மை எதிர்பார்த்து ஒருவர் இருக்கிறார்.

நாற்பதைத் தாண்டியவர்கள் முதல் மூன்று மாதம் உங்களுக்குத் தெரியாத ஒரு கலையில் ஆரம்பியுங்கள், அப்புறம் பழையதற்குப் போங்கள் என்பேன். என் வழி இதற்கு நேர் தலைகீழாகப் போனது, அதற்கு விலையாகத் தொடை வலியோடு ஆறு வாரம் நடந்தேன். முப்பதைச் சுற்றி இருப்பவர்கள், இரண்டு மூன்று வருடம் மட்டும் விட்டவர்கள், நேராகப் பழைய வகுப்புக்கே போகலாம். முதல் மாதம் குமித்தே மட்டும் வேண்டாம். எடையும் மூச்சும்தான் கவலை என்றால் பாக்ஸிங், ஸ்பாரிங் இல்லாமல். சர்க்கரை, பிரஷர் இருந்தால், அல்லது நெஞ்சில் எப்போதாவது இறுக்கம் வந்திருந்தால், மூன்றில் எதுவானாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

எங்கே சேர்ந்தாலும் வலியைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்து ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள், இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி, தசையின் நடுவில் வருகிற வலி வந்தவழியே போய்விடும். ஒரு பக்கம் மட்டும், மூட்டிலோ குதிகாலுக்கு மேலோ, காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியிலேயே குத்துகிற வலி என்றால் அன்றைக்கு வகுப்புக்குப் போகாதீர்கள். போய் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம், நான் அப்படிச் செய்திருக்கிறேன்.

இப்போது எனக்கு செவ்வாயும் வெள்ளியும் கராத்தே, ஞாயிறு மகளோடு சிலம்பம். ஜிம்மை விட்டுவிட்டேன், ஆனால் அந்த 3 நிமிட மணியை ஃபோனில் வைத்துக்கொண்டு கட்டாவை ரவுண்டு ரவுண்டாகச் செய்கிறேன். கம்பு பழகிய தோள் குத்தில் இலகுவாக இருப்பதை மாஸ்டரே கவனித்துச் சொன்னார். பிளாக் பெல்ட்டுக்கான பஸ்ஸாய் டாய் கட்டாவை இன்னும் ஆரம்பிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கேட்டேன். "கால் இடுப்புக்கு மேல போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். இப்போதைக்கு இடுப்பு வரை வலியில்லாமல் போகிறது.