ரெண்டு பேருக்கும் 2 மார்க், ஆனால் சமமா?

நான்கு கேள்விகள், முதல் இரண்டு சுலபம், கடைசி இரண்டு கஷ்டம். மீனா முதல் இரண்டைச் சரியாகப் போட்டாள், அன்வர் கடைசி இரண்டை. இருவரும் சமமா என்று கேட்டால் தேர்வையும் சர்வேயையும் வைத்து ஆளின் திறனையும் மனநிலையையும் அளக்கும் உளவியல் அளவீட்டுக்காரர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள்.

முதல் கட்சி பழையது, 1904-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ஸ்பியர்மேன் அடித்தளம் போட்டது: வாங்கிய மார்க் என்பது உண்மையான மார்க்கும் பிழையும் சேர்ந்தது. கூட்டினால் வேலை முடிந்தது, இருவரும் சமம். வகுப்புத் தேர்வுக்கு இதுவே தாராளம் என்பேன். ஆனால் இதில் கேள்வியின் கடினம் என்பது எழுதியவர்களில் எத்தனை சதவீதம் சரியாகப் போட்டார்கள் என்பதுதான். அதே கேள்வி கோச்சிங் போன பிள்ளைகளிடம் சுலபமாகிவிடும், போகாதவர்களிடம் கடினமாகிவிடும்.

இரண்டாவது கட்சி ராஷுடையது. டென்மார்க்கின் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960-இல் முன்வைத்த கணித மாதிரியில் ஆளின் திறனும் கேள்வியின் கடினமும் ஒரே அளவுகோலில் உட்காரும். இரண்டும் சமமானால் சரியாகப் போட வாய்ப்பு 50 சதவீதம், திறன் ஓர் அலகு கூடினால் 73, இரண்டு அலகு கூடினால் 88. இங்கேயும் மீனாவும் அன்வரும் சமம்தான். அன்வர் போட்டவை கஷ்டமான கேள்விகளாச்சே, அவனுக்குக் கூடக் கொடுக்க வேண்டாமா? வேண்டாம், சுலபமான இரண்டைக் கோட்டைவிட்டதையும் ராஷ் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார், கடைசியில் மொத்தம் மட்டுமே பேசும். எனக்கு இது பிடிபட ரொம்ப நாளானது.

மூன்றாவது கட்சி அமெரிக்கப் புள்ளியியலாளர் பிர்ன்பாமுடையது, 1968-இல் லார்டும் நோவிக்கும் வெளியிட்ட நூலில் அவர் விரிவாக எழுதினார். கெட்டிக்காரரையும் தடுமாறுபவரையும் ஒரு கேள்வி எவ்வளவு கூர்மையாகப் பிரித்துக்காட்டுகிறது என்பதற்கும் இங்கே ஓர் எண் உண்டு. மீனாவின் கேள்விகளுக்கு 1.8, 1.4, அன்வருடையவற்றுக்கு 0.6, 0.4 என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்தான் அந்தக் கேள்வியின் எடை; சரியான விடைகளின் எடையைக் கூட்டினால் 3.2-க்கு 1. மீனா எங்கேயோ போய்விட்டாள்!

நாலு விடையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் டிக் அடிப்பவர்களுக்காக இன்னோர் எண்ணையும் சேர்ப்பார்கள். நூறு பேர் எழுதிய தேர்வில் அதைக் கணிக்கப் பார்ப்பது வீண் வேலை. 'எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை' என்ற சர்வே வாக்கியத்துக்குச் சரியான விடையே கிடையாது, அங்கே ஊகத்துக்கு என்ன இடம்? 'முற்றிலும் உண்மை' முதல் 'உண்மையே இல்லை' வரையான படிகளுக்கு ஜப்பானிய உளவியலாளர் சமேஜிமா 1969-இல் கொடுத்த கணித மாதிரி ஒன்று தனியாக இருக்கிறது.

பல நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளை ஒப்பிடும் பீசா தேர்வு 2012 வரை ராஷ் பக்கம் இருந்துவிட்டு 2015-இல் பிர்ன்பாம் பக்கம் சாய்ந்தது. தமிழ்நாடு கலந்துகொண்ட 2009 சுற்று ராஷ் காலத்தது.

சர்வேக்கு, பிர்ன்பாமைப் போல எடைபோடும் கணித மாதிரியைத்தான் நான் எடுப்பேன், தரவோடு அதுதான் நன்றாக ஒத்துப்போகும். மார்க் ஷீட் கொடுக்கும் தேர்வென்றால் ராஷ். "தம்பி, நீ போட்ட கேள்விகள் ஆளைச் சரியாகப் பிரித்துக்காட்டவில்லை, அதனால் நீ கீழே" என்று அன்வரிடம் சொல்லிப் பாருங்கள். "அப்புறம் எதுக்கு சார் அந்தக் கேள்வியைக் கேட்டீங்க?" என்பான்.