டார்ச்சின் வாயில் எதை மாட்டுவது?

பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்களில், அதாவது ஜனவரி முதல் ஏப்ரல் வாக்கில், சென்னைக் கடற்கரையில் இரவு நடை போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் இதைச் செய்துவருகிறது. இப்படிப்பட்ட நடையில் கூட வருகிறவர்களிடம் முதலில் சொல்வது, டார்ச்சையும் செல்போன் வெளிச்சத்தையும் அணைத்து வையுங்கள் என்பதுதான். உடனே ஒருவர் கேட்பார்: "சிவப்புத் தாள் ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறேன், அது பரவாயில்லையா?"

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டும் என்று தேட ஆரம்பித்ததில்தான் சிவப்பு, மஞ்சள், பால்வெள்ளை, கறுப்புக் கண்ணாடி என்று டார்ச் முன்னால் மாட்டுகிற எல்லாவற்றையும் வாங்கியும் வெட்டியும் ஒட்டியும் பார்த்தேன். எதை மாட்டினாலும் அது வெளிச்சத்திலிருந்து கொஞ்சத்தை எடுக்குமே தவிர, புதிதாக எதையும் சேர்க்காது. அதனால் எந்த ஃபில்டர் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், கையில் இருக்கும் டார்ச் என்ன தருகிறது என்று பார்த்தாக வேண்டும்.

சிவப்புக்கு மூன்று வழிகள்

முதல் வழி ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சிவப்புக் கண்ணாடி பேப்பர். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடலாம். இரண்டாவது, டார்ச் தலையில் தொப்பி மாதிரி மாட்டுகிற சிவப்பு பிளாஸ்டிக் அல்லது சிலிகான் ஃபில்டர். மூன்றாவது, சிவப்பு எல்இடி தனியாகவே உள்ள டார்ச் அல்லது தலைவிளக்கு.

பழைய குண்டு பல்பு டார்ச் காலத்தில் முதல் வழியே போதுமானதாக இருந்தது. இழை சூடாகி எரிகிற பல்பின் வெளிச்சத்தில் சிவப்பு ஏராளம். அமெரிக்க ராணுவத்தின் கழுத்து மடங்கிய எம்எக்ஸ்-991 டார்ச்சில் அடி மூடியைத் திருகினால் உள்ளே சிவப்பு வில்லையும் மற்ற வில்லைகளும் பத்திரமாக இருக்கும். அந்த ஏற்பாடு பொருத்தமாக இருந்ததற்குக் காரணம் பல்பும்தான்.

வெள்ளை எல்இடி கதை வேறு. உள்ளே இருப்பது சுமார் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் எரியும் நீல எல்இடி (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண் இது, நீலத்துக்குக் குறைவு, சிவப்புக்கு அதிகம்). அதன் மேல் உள்ள பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு அந்த நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஆழ்ந்த சிவப்பு அதில் குறைவு. 6,500 கெல்வின் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் எண், கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்) என்று போட்ட, பளீரென்ற நீலவெள்ளை டார்ச்சில் சிவப்பு ஃபில்டர் மாட்டினால், இருக்கிற நீலத்தையும் பச்சையையும் எல்லாம் அது விழுங்கிவிட்டு, மிஞ்சின கொஞ்சத்தைத்தான் வெளியே விடும். 3,000 கெல்வின் அளவில் உள்ள மஞ்சள் கலந்த எல்இடியில் அதே ஃபில்டர் எவ்வளவோ மேல்.

கண்ணாடி பேப்பரில் இன்னொரு குறையும் உண்டு. வீட்டில் பழைய சிடி இருந்தால் நீங்களே பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, சிவப்புத் தாள் கட்டிய டார்ச்சைச் சிடியின் பின்பக்கம் சாய்வாக அடித்து, அது சிதறவிடும் வண்ணப்பட்டையைப் பாருங்கள். நான் வாங்கிய தாளில் ஒரு மடிப்பு வைத்தபோது சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை மங்கலாக நின்றது, நீலமும் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. மூன்று மடிப்பு வைத்த பிறகுதான் அது மறைந்தது. கண்ணால் நேரே பார்த்தால் ஒரு மடிப்பும் சிவப்புதான், மூன்று மடிப்பும் சிவப்புதான். நாம் தடுக்க நினைத்த வெளிச்சம் கசிகிறதா என்று அப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

அந்தக் கசிவுதான் ஆமைக்கு முக்கியம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கிப் போகும். இயற்கையில் அது கடல் பக்கம். நீலமும் பச்சையும் அவற்றை அதிகமாக இழுக்கும், சிவப்பு அவ்வளவாகப் பாதிக்காது. அந்த நீலக் கோடு கசிகிற தாளை நம்பி ஆமை பக்கத்தில் டார்ச் அடிப்பது தவறு. சுத்தமான சிவப்பாக இருந்தாலும், கரையேறி வரும் தாய் ஆமையின் முகத்தில் அடிக்கக் கூடாது. நடத்துபவர் தேவைப்படும்போது காட்டும் வெளிச்சம் போதும்.

வானம் பார்க்கப் போகிறவர்களுக்கும் சிவப்பு தேவை, ஆனால் காரணம் வேறு. நம் கண்ணில் இருட்டில் வேலை செய்யும் குச்சி செல்கள் 500 நானோமீட்டர் பக்கத்தில் உச்ச உணர்வோடு இருக்கின்றன, 640ஐத் தாண்டினால் அவற்றுக்குக் கிட்டத்தட்ட எதுவும் தெரியாது. கண் முழுதாக இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் அத்தனையும் போச்சு. ஜவ்வாது மலையில் காவலூர் பக்கம் போன்ற இருட்டான இடத்தில் அரை மணி நேரம் காத்திருந்து பால்வீதி தெளிந்து வரும் வேளையில், பக்கத்தில் ஒருவர் செல்போனைத் திறந்தால் வருகிற வேதனை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நிறத்தைவிட அளவு முக்கியம். பிரகாசமான சிவப்பைவிட மிக மங்கலான வெள்ளை குறைவாகக் கெடுக்கும்.

ஆக, என் தேர்வு மூன்றாவது வழி. 620, 630 நானோமீட்டரில் எரியும் சிவப்பு எல்இடி, அதுவும் மிகக் குறைந்த வெளிச்ச நிலை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வேண்டாத வெளிச்சம் அதில் பிறக்கவே இல்லை, தடுக்க வேண்டியதும் இல்லை. ஏற்கெனவே மஞ்சள் கலந்த நல்ல வெள்ளை எல்இடி டார்ச் இருந்தால் இரண்டாவது வழி சரி. கண்ணாடி பேப்பர், மூன்று மடிப்போடு, அவசரத்துக்கு மட்டும்.

சிவப்பு எங்கே கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வயல் வரப்பிலும் தோட்டத்திலும் இரவில் நடக்கும்போது ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். சிவப்பு வெளிச்சத்தில் மண், சருகு, பாம்பு எல்லாம் ஒரே நிறமாகிவிடும். அங்கே நல்ல வெள்ளை வெளிச்சம்தான் உயிரைக் காக்கும். வரைபடம் பார்ப்பவர்களும் கவனிக்கட்டும், சிவப்பு மையில் அச்சிட்ட கோடுகள் சிவப்பு வெளிச்சத்தில் தாளோடு கலந்து காணாமல் போகும்.

மஞ்சள்: பூச்சிக்கு உதவும், பனிமூட்டத்துக்கு உதவாது

மழை ஓய்ந்த மாலையில் ஈசல் கிளம்பும்போது மஞ்சள் ஃபில்டர் மாட்டிய டார்ச்சையும் சும்மா டார்ச்சையும் திண்ணையின் இரண்டு முனையில் வைத்துப் பாருங்கள். பூச்சிகளின் கண்ணுக்குப் புற ஊதாவும் நீலமும்தான் அதிகம் உறைக்கும். நீலத்தை வெட்டினால் கூட்டம் குறையும், அடியோடு நிற்காது.

பனிமூட்டத்தில் மஞ்சள் நன்றாக ஊடுருவும் என்று பலரும் சொல்கிறார்கள், விற்கிறவர்களும் சொல்கிறார்கள். மூட்டத்தில் உள்ள நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். கொடைக்கானலில் மேகம் இறங்கிய பாதையில் எனக்கு உதவியது ஃபில்டர் இல்லை. தலைவிளக்கைக் கழற்றி இடுப்பு உயரத்தில் கையில் பிடித்ததும், கண் முன்னால் இருந்த வெள்ளைத் திரை விலகி, பாதையின் கற்கள் நிழலோடு தெரிந்தன.

பரவலான வெளிச்சம்

டார்ச் என்பது வெளிச்சத்தைக் கூட்டி ஒரு பக்கம் அனுப்புகிற சாதனம். டிஃப்யூசர் அதற்கு நேர் எதிராக, கூட்டியதைக் கலைக்கும். எவ்வளவு கலைக்கிறது என்பதைத் தூரக் கணக்கில் பார்த்தால் புரியும். டார்ச் பெட்டியில் போடும் தூரம், வெளிச்சம் 0.25 லக்ஸாக, அதாவது தெளிவான பௌர்ணமி நிலவளவுக்கு, குறையும் இடம் வரைக்குமான தூரம். கேண்டெலாவின், அதாவது ஒரு திசையில் போகும் வெளிச்சத்தின் செறிவைச் சொல்லும் எண்ணின், வர்க்கமூலத்தை 2ஆல் பெருக்கினால் மீட்டர் கிடைக்கும். 10,000 கேண்டெலா டார்ச் 200 மீட்டர் போகும். டிஃப்யூசர் மாட்டி நடுவெளிச்சம் 400 கேண்டெலாவாக இறங்கினால் 40 மீட்டர்தான். லூமனில், அதாவது எல்லாப் பக்கமும் வெளிவரும் மொத்த வெளிச்சத்தில், ஒரு சிறு பங்குதான் குறைந்திருக்கும், மீதி எல்லாம் பக்கவாட்டில் போய்விடும். வீட்டுக்குள்ளும் சமையல் மேடையிலும் வேண்டியது அதுதான்.

பால்வெள்ளைத் தொப்பி, பனி படர்ந்தது போன்ற ஒட்டும் ஃபிலிம், மேஜிக் டேப், பட்டர் பேப்பர், தண்ணீர் பாட்டில். இவற்றை வைத்துப் பார்த்ததில், விலைக்கும் பலனுக்கும் தொடர்பே இல்லை.

நடந்துபோக வெளிச்சம் கொஞ்சம் விரிந்தால் போதும் என்றால் ஒட்டும் ஃபிலிம் முதலிடம். ஜெர்மனியின் டி-சி-ஃபிக்ஸ் ஜன்னல் ஃபிலிமை டார்ச் பிரியர்கள் பல ஆண்டுகளாக வட்டமாக வெட்டி ஒட்டிவருகிறார்கள். அது கிடைக்காவிட்டால், மங்கலாக இருக்கும் மேஜிக் டேப்பை முன்கண்ணாடியில் அருகருகே ஒட்டினால் பலன் கிட்டத்தட்ட அதுவே. நடுவில் இருந்த சுடர்ப்பொட்டு கரைந்து, ஓரம் தெரியாமல் வெளிச்சம் மெதுவாகத் தேய்ந்துபோகும். பட்டர் பேப்பர் அதைவிட அதிகமாக விழுங்கும், ஈரம் பட்டால் போச்சு.

கரண்ட் இல்லாத வீட்டுக்கு வேறு கணக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா ஊர்களில் பல நாள், சில இடங்களில் வாரக்கணக்கில், மின்சாரம் வரவில்லை. அந்த மாதிரி இரவில் வெள்ளை அடித்த மேல்தளம் உள்ள வீட்டில் டிஃப்யூசரே வேண்டாம். டார்ச்சைச் செங்குத்தாக நிறுத்தினால் கூரை முழுவதும் விளக்காகிவிடும், நிழல் குறைவு, கண்ணும் கூசாது. ஓட்டு வீடு, கீற்றுக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் என்றால் மேலே அடித்த வெளிச்சம் திரும்பாது. அங்கே பால்வெள்ளைத் தொப்பி வெல்லும்.

தொப்பி இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் டார்ச்சை வையுங்கள். வெறும் தண்ணீரில் வெளிச்சம் ஊடுருவி மேலே போய்விடும், பாட்டில் மங்கலாகத்தான் இருக்கும். மூடியைத் திறந்து ஒரு சொட்டுப் பால் விட்டுப் பாருங்கள். வெள்ளை இழை ஒன்று சுருண்டு இறங்கும், அது கலையக் கலைய அடியிலிருந்து ஒளி ஏறி, பாட்டிலே குழல்விளக்கு மாதிரி ஒளிரும். பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் நுண்துகள்களாக நின்று ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம். நாலைந்து சொட்டுக்கு மேல் போனால் அடிப்பாகம் மட்டும் ஒளிரும், மேலே இருட்டாகிவிடும்.

மூடி

முன்கண்ணாடியைக் காக்க மூடி தேவையா? பெரும்பாலும் இல்லை. பூச்சில்லாத கண்ணாடியே ஒவ்வொரு பக்கத்திலும் 4 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மேலே ஒரு தெளிவான ஃபிலிம், நடுவில் கொஞ்சம் தூசி என்று சேர்த்தால் இழப்பு கூடும்.

ஒளியை முழுதாக மறைக்கும் கறுப்பு மூடியில் ஆபத்தும் உண்டு. 1,000 லூமன் டார்ச்சிலிருந்து ஒளியாக மட்டும் ஏறத்தாழ 3 வாட் வெளியேறும். மூடியபடி பைக்குள் தானாக எரிந்தால் அத்தனையும் மூடியில் வெப்பமாக இறங்கும். சிவப்பு ஃபில்டரும் ஒளியில் பெரும்பங்கை விழுங்குவதால் இதே கதைதான், என் கண்ணாடி பேப்பர் ஒன்று முழு வெளிச்சத்தில் கொஞ்ச நேரத்திலேயே நடுவில் சுருங்கி ஓட்டை விழுந்தது. பைக்குள் போடும் முன் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் பல டார்ச்களில் மின்சுற்றே அறுந்துவிடும். எனக்கு மூடியைவிட அதில்தான் நம்பிக்கை.

ஃபில்டர் இல்லாமல் முடியாத ஒரே இடம்

மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஃபில்டருக்கு மாற்று வழி உண்டு. 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சில் மட்டும் இல்லை. அதன் எல்இடி கொஞ்சம் ஊதாவெள்ளை வெளிச்சத்தையும் சேர்த்தே விடும், நாம் பார்க்க வேண்டிய மங்கலான ஒளிர்வு அதில் அமுங்கிவிடும். இசட்டபிள்யூபி2 என்ற கறுப்புக் கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் அந்த வெளிச்சத்தைத் தடுத்து, புற ஊதாவை மட்டும் விடும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச்சுக்கு இதை வாங்காதீர்கள், அதன் ஒளியில் பெரும்பகுதியை இந்தக் கண்ணாடியே விழுங்கிவிடும்.

புற ஊதா கண்ணுக்குத் தெரியாததால் கூசாது, ஆனால் கெடுதல் செய்யும். யார் முகத்திலும் அடிக்காமல், தரையைப் பார்த்தே பிடித்து, கொல்லையில் அடுக்கி வைத்த செங்கல் பக்கம் போய்ப் பாருங்கள். 395 டார்ச்சில் செங்கல், சுவர், கை எல்லாம் ஊதாவாகத் தெரியும், தேளைத் தேட வேண்டியிருக்கும். கறுப்புக் கண்ணாடி மாட்டிய 365இல் செங்கல் இருட்டாகவே நிற்கும். அந்த இருட்டுக்குள், இடுக்கில் கொடுக்கை மடக்கி உட்கார்ந்திருக்கும் தேள் மட்டும் நீலப்பச்சையாக ஒளிரும்.