ஃப்ரீகேட் 1.0க்காகக் காத்திருந்த ஆண்டுகள்

கணினியில் முப்பரிமாண மாடல்கள் வரைய உதவும் திறமூல மென்பொருளான ஃப்ரீகேடை அதன் 0.18 பதிப்புக் காலத்திலிருந்து பயன்படுத்துகிறேன். பிராக்கெட், மூடி, ஜிக் போன்ற சின்ன உதிரிபாகங்கள்தான் நான் வரைவது. இத்தனை ஆண்டுகளில் என்னை அதிகம் அலைக்கழித்தது டோப்போ நேமிங் சிக்கல், அதாவது மாடலின் விளிம்புகளுக்கும் முகங்களுக்கும் மென்பொருள் வைக்கும் பெயர்கள் மாறிப்போவது.

ஒரு பிளாக் வரைந்து, அதன் விளிம்பை வளைவாக்கும் ஃபில்லட் போட்டு முடித்திருப்பேன். அப்புறம் பிளாக்கின் அடிப்படையான தட்டை வரைபடத்துக்கு, அதாவது முதல் ஸ்கெட்சுக்குத் திரும்பிப் போய் ஒரு துளை சேர்த்தால் போதும், ஃபில்லட் வேறு விளிம்புக்குத் தாவிவிடும். இல்லாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். அப்போது எட்ஜ்7, ஃபேஸ்3 என்று வரிசை எண்தான் விளிம்புக்கும் முகத்துக்கும் பெயர். மாடலை மறுபடி கணக்கிடும்போது எண்கள் புதிதாக விழும். நேற்று ஏழாவதாக இருந்த விளிம்பு இன்று ஒன்பதாவதாக இருக்கலாம், ஃபில்லட்டோ ஏழையே தேடிப் போகும்.

ரியல்தண்டர் என்ற பெயரில் எழுதும் டெவலப்பர் இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தன் தனிக் கிளையில், அதாவது மூல நிரலிலிருந்து பிரித்துத் தானே வளர்த்த பதிப்பில், தீர்வு கண்டுவிட்டார். எந்த ஸ்கெட்ச் கோட்டிலிருந்து, எந்தச் செயலால் ஒரு விளிம்பு பிறந்தது என்ற வரலாற்றையே அதன் பெயராக்கினார். அந்தக் கிளையை இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன், அருமையாக இருந்தது. இவ்வளவு நன்றாக வேலை செய்வதை மூலப் பதிப்பில் சேர்க்க ஃப்ரீகேட் குழுவினர் ஏன் தயங்குகிறார்கள் என்று கோபம்கூட வந்தது.

கிளையில் செய்த ஒரு கோப்பை, மூலப் பதிப்பு வைத்திருந்த நண்பருக்கு அனுப்பிய நாளில்தான் வேறு மாதிரி யோசித்தேன். அவரிடம் மாடல் பாதிதான் சரியாக வந்தது. என் கணினியில் ஓடுவது வேறு, எல்லோருடைய பழைய கோப்புகளும் கெடாமல் திறப்பது வேறு. இந்த மாற்றமோ நிரலின் அடித்தளத்தையே தொடுகிறது. ஒருவர் மட்டுமே முழுதாகப் புரிந்துவைத்திருக்கும் நிரலை ஏற்றுக்கொண்டால், அவர் விலகும் நாளில் அதை யார் பழுதுபார்ப்பது?

அதனால் கடைசியில் அவர்கள் தேர்ந்த வழி எனக்குச் சரியாகப் பட்டது. கிளையை அப்படியே இணைக்கவில்லை. துண்டு துண்டாக எடுத்து, மற்றவர்கள் படித்துப் பார்த்து, சோதனைகள் எழுதிச் சேர்த்தார்கள். முதலில் நிரல் உள்ளே வந்தது, ஆனால் ஒரு சுவிட்சால் அணைக்கப்பட்டிருந்தது. நம்பிக்கை வந்த பிறகுதான் அதை எல்லோருக்கும் திறந்தார்கள். 2024 நவம்பரில் 1.0 வெளிவந்தது. பல உதிரிபாகங்களை ஒன்றோடொன்று பொருத்த உதவும் அசெம்ப்ளி பணிமேடையும் அதே பதிப்பில்தான் உள்ளே வந்தது. ஏ2பிளஸ், அசெம்ப்ளி3, அசெம்ப்ளி4 என்று மூன்று துணைநிரல்களுக்கு நடுவே தடுமாறியவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஆனாலும் தாமதம் அதிகம்தான். சுவிட்ச் போட்டுச் சேர்க்கும் அந்த வழியை முன்பே எடுத்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன். காத்திருந்த ஆண்டுகளில் எத்தனையோ பேர் சலித்துப்போய் வேறு மென்பொருளுக்குப் போனார்கள், அதில் என் நண்பர்களும் உண்டு.

1.0இல் என் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மறுகணக்கீடு செய்து, தனிப் பெயரில் சேமித்தேன். பெரும்பாலானவை சிக்கலில்லாமல் வந்தன. முன்பு தொடவே பயந்த ஒரு பம்ப் மூடியில் இரண்டு துளைகள் சேர்த்தேன், ஃபில்லட்டுகள் அசையவில்லை. சிக்கல் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று ஃப்ரீகேட் குழுவும் சொல்லவில்லை, குறைத்திருக்கிறோம் என்றுதான் சொல்கிறார்கள். அதனால் முக்கியமான ஸ்கெட்சுகளை மாடலின் முகத்தில் ஒட்டாமல் இன்னமும், மாடல் மாறினாலும் மாறாத அடிப்படைத் தளங்களில்தான் வைக்கிறேன்.