இரைச்சல் உண்டு, இழுவை இல்லை

யாழ்ப்பாணத்தில் வீதிக்கு நாலு நிற்கிற ஆயிரம் சிசி ஜப்பான் சின்னக் கார்தான் என்னுடையதும். சிவிடி கியர், அதாவது படிப்படியாக மாறாத ஒருவகை ஓட்டோ கியர். காரின் பெயர் வேண்டாம், சொன்னால் அதை வைத்திருக்கிற எல்லாரும் சண்டைக்கு வருவார்கள். அண்மையில் ஒரு திருத்த வேலை முடிந்ததிலிருந்து "இப்ப எப்படி ஓடுது, நாங்களும் ஒண்டு வாங்கலாமோ?" என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மறுபடி தொடங்கிவிட்டாலும், நம்மில் பலருக்குப் பழைய கார்தான் கட்டுப்படியாகும். அதனால் கேள்வி நியாயமானதே.

பெற்றோல் குறைவு, சந்தைக்குள் நுழைத்து நிறுத்தலாம், ஏசி நல்லது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: இது சத்தம் போடும், போகாது.

ஏ9 வீதியில் கொடிகாமம் தாண்டி முன்னால் ஒரு லொறி. எதிரில் ஒன்றும் இல்லை, முந்தலாம் என்று அக்சிலரேற்றரை அமத்தினால் ஆர்பிஎம் முள்ளு நாலாயிரத்துக்கு மேல் எழும்பிவிடும். வெங்காயத் தோட்டத்தில் தண்ணி இறைக்கிற மிசின் மாதிரி ஒரு இரைச்சல். வேக முள்ளு மட்டும் அறுபதிலிருந்து அசைய யோசிக்கும். அதற்குள் எதிரில் பஸ் வந்துவிடும், நான் மறுபடி லொறிக்குப் பின்னால்.

நியாயமாகச் சொன்னால் இதில் ஒரு பங்கு சிவிடியின் பிறவிக் குணம். சாதாரண கியர் மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகள் அதில் இல்லை. இரண்டு கப்பிகள், நடுவில் ஓர் இரும்புப் பெல்ட், அவ்வளவுதான். கால் ஆழமாக இறங்கியதும் கம்பியூட்டர் முதலில் எஞ்சினை வலு கிடைக்கிற சுற்றுக்கு ஏற்றிவிட்டு, பிறகுதான் காரை இழுக்கும். சின்ன எஞ்சின், நூறு நியூட்டன் மீற்றர்கூட இல்லாத முறுக்குவிசை, உள்ளே நாலு பேர். வேறு என்ன எதிர்பார்க்கலாம் என்று சகித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கடந்த மாரிக்குப் பிறகு சகிக்க முடியாமல் போய்விட்டது. பெற்றோலும் கூடக் குடித்தது. முதலில் போன கராஜில் பொனற்றைக்கூடத் திறக்கவில்லை. "கியர்பொக்ஸ் முடிஞ்சுது அண்ணை, கொழும்பிலயிருந்து ரீகண்டிஷன் ஒண்டு எடுப்பம்." அடுத்த கராஜில் "பெல்ட் ஸ்லிப்" என்றார்கள். சொன்ன விலையை எழுதினால் வீட்டில் வாசித்துவிடுவார்கள். இரண்டு இடத்திலும் ஒருவரும் காரை ஓட்டிப் பார்க்கவில்லை. இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாவதாகப் பார்த்தவர் வயதானவர். சாவியை வாங்கி, என்னைப் பக்கத்தில் இருத்தி, ஆளில்லாத நேர் வீதியில் ஐம்பதில் போகும்போது நியூற்றலுக்குத் தட்டிவிட்டார். சமதரை, காற்றும் இல்லை. நன்றாக இருக்கிற கார் அப்படியே கனதூரம் உருளும். என்னுடையது கொஞ்சத் தூரத்திலேயே சோர்ந்துபோனது. இறங்கிப் பின் சில்லுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனார். தொடவே தேவையில்லை, சூடு அடித்தது. முன் சில்லில் அப்படி இல்லை.

"தம்பி, கியர்பொக்ஸைப் பிறகு பாப்பம். உங்கட காரை ஆரோ பின்னால பிடிச்சு வைச்சிருக்கினம்."

பிடித்து வைத்திருந்தது ஹான்ட் பிரேக் கேபிள். நான் அடிக்கடி காரைநகர்ப் பாலத்தால் போய் வருகிறவன். இரண்டு பக்கமும் கடல், மாரியில் வீதியில் நிற்கிற வெள்ளம் வேறு. கேபிள் உறைக்குள் தண்ணி போய்த் துருப்பிடித்தால், பிடியை இறக்கினாலும் கம்பி முழுதாகத் திரும்பாது. டிரம்முக்குள் பிரேக் சூ இரண்டு பக்கமும் உரசிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உரசியதால் கார் ஒரு பக்கம் இழுக்கவும் இல்லை. டாஷ்போர்ட் விளக்கும் அணைந்துதான் இருந்தது. அந்த விளக்குக்குப் பிடி இறங்கியது மட்டும்தான் தெரியும், சில்லில் நடப்பது தெரியாது.

சிவிடி ஆட்களைக் குழப்புகிற இடம் இதுதான். எஞ்சின் வலு குறைந்தாலும், பிரேக் பிடித்தாலும், பெல்ட் வழுக்கினாலும், காலை அமத்துகிறவனுக்குத் தெரிவது ஒன்றுதான்: முள்ளு மேலே, கார் கீழே. கொஞ்சம் பொறுமை இருந்தால் பிரித்துப் பார்க்கலாம். பெல்ட் வழுக்கினால் ஒரே வேகத்தில் போகும்போதே முள்ளு திடீரென்று துள்ளி விழும், சிலநேரம் காரும் உதறும். ஸ்கானரில் இரண்டு கப்பிகளின் சுற்றையும் பார்த்தால் சந்தேகம் தீரும். கியர் ஒயில் கறுத்துக் கருகல் மணம் அடித்தால் அதுவும் ஒரு சாட்சி. அந்த ஒயிலைக் கம்பனி சொன்ன சிவிடி ரகத்தில்தான் ஊற்ற வேண்டும், சாதாரண ஓட்டோ கியர் ஒயில் ஆகாது. எஞ்சின்தான் சோர்ந்தது என்றால் முள்ளே மெதுவாகத்தான் ஏறும்; எயார் ஃபில்ரர், பிளக், அடைபட்ட சைலன்சர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். மனுவல் கார்காரர் நாலாம் கியரில் நாற்பதில் போய்ச் சட்டென்று அமத்திப் பாருங்கள். வேகம் ஏறாமல் சுற்று மட்டும் பாய்ந்தால் கிளச் பிளேட் தேய்ந்துவிட்டது. பிரேக் பிடிக்கிறதா என்று ஜக் போட்டுச் சில்லைக் கையால் சுற்றிப் பார்க்கக் காசே தேவையில்லை. கியர்பொக்ஸ் என்று வாய் திறக்க முதல் அதைச் செய்திருக்கலாம்.

இரண்டு கேபிளும் மாற்றி, டிரம் கழற்றித் துப்பரவாக்கி, கூலியோடு சேர்த்தும் அவர்கள் கேட்ட கியர்பொக்ஸ் விலையின் ஒரு மூலைக்குக் காணாது. இப்போது நியூற்றலில் விட்டால் கார் போய்க்கொண்டே இருக்கிறது. பெற்றோலும் பழையபடி. திருநெல்வேலிச் சந்தைச் சனத்துக்குள் ஊர்ந்து போக இதைவிட நல்ல கார் இல்லை.

வாங்கலாமோ என்று கேட்டால், வேண்டாம். கியர்பொக்ஸில் பிழை இல்லை என்று நிரூபணமான பிறகும், போன கிழமை கொடிகாமத்தில் அதே இரைச்சல், அதே லொறி. முந்தினேன்தான், ஆனால் முந்தி முடியுமட்டும் மனைவி கதைக்கவில்லை. மனுவல் கிடைத்தால் அதை எடுங்கள். என்னுடையதை விற்பதாக இருந்தால் சொல்கிறேன், இந்த வருடம் இல்லை.