பத்தா, பதினொன்றா, மின்ட்டா? பாம்பன் வாடி லேப்டாப்புக்கு ஒரு முடிவு

ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகெல்லாம் கரையோடு நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகில் வரும் நண்டும் கணவாயும் மட்டும்தான் எங்கள் வாடிக்கு, அதாவது கரையோர மீன் கொட்டகைக்கு. கணக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும். மச்சானின் லேப்டாப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது.

பாம்பன் தெற்குவாடியில் மச்சான் மீன் வாங்கி விற்கிறார். படகுக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம், ஐஸ், டீசல், ஏல விலை எல்லாம் ஒரு எக்ஸல் கோப்பில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லேப்டாப் 2017-இல் வாங்கியது: ஐ3-6006யூ பிராசஸர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஆன் செய்துவிட்டு டீக்கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தால் திறந்திருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்று அதுவும் மாதக்கணக்காகத் திரை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. மச்சான் அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார். “ஓடுறதைப் போட்டு ஏன் மாப்ள நோண்டுறே?” என்பதுதான் அவர் கட்சி. இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகனோ, “லினக்ஸ் போடுங்க மாமா, வேற பேச்சே வேணாம்” என்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் நான்: விண்டோஸ் 10-இலேயே இருப்பதா, 11-க்கு ஏறுவதா, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டைப் போடுவதா?

முதலில் ஸ்க்ரூ டிரைவர்

எந்த ஓஎஸ் (லேப்டாப்பை இயக்கும் அடிப்படை மென்பொருள்) என்று யோசிப்பதற்கு முன்னால் பின்மூடியைக் கழற்றினேன். பத்து ஸ்க்ரூவில் மூன்று துருப்பிடித்துத் தலை வழுக்கிவிட்டது. ஒன்றை இடுக்கியால் பிடித்துத்தான் திருக வேண்டியிருந்தது. உள்ளே ஃபேன் இறக்கைகளில் தூசி வெறும் தூசியாக இல்லை. உப்பு ஈரத்தோடு சேர்ந்து அப்பம் மாதிரி ஒட்டியிருந்தது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரம் தூசியைப் பிடிக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலோரம் வைத்த எந்தப் பொருளுக்கும் இதே கதிதான். ராம் பட்டையைக் கழற்றிப் பார்த்தால் தங்க நிறப் பற்களில் இரண்டு கறுத்திருந்தன. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தேன். அதுவரை வாரம் ஒருமுறை நீலத்திரை வந்துகொண்டிருந்தது. அதன்பின் வரவில்லை. பழியை இவ்வளவு நாள் விண்டோஸ் மேல் போட்டிருந்தோம்.

இன்னொன்று, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் ஆன் செய்த முதல் சில நிமிஷம் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் முட்டுக்கட்டை. அதில் எந்த ஓஎஸ் போட்டாலும் நத்தைதான். அதனால் சுழலாத, வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்று, 256 ஜிபியில் வாங்கினோம். ராமையும் கூட்டலாம் என்று விசாரித்தால், 2025 கடைசியிலிருந்து விலை ஏறிக்கிடக்கிறது. சிப் கம்பெனிகள் ஏஐ சர்வர்களுக்கான மெமரி பக்கம் திரும்பியதன் விளைவு பாம்பன் வரைக்கும் வந்துவிட்டது. 4 ஜிபியே போதும் என்று விட்டோம். கீழே சொல்வதெல்லாம் எஸ்எஸ்டி போட்ட பிறகு, அதே 4 ஜிபியில் பார்த்தது.

பத்திலேயே இருப்பது

மச்சான் கட்சி அவ்வளவு முட்டாள்தனமானது இல்லை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இல் ஆதரவு நின்றது. ஆனால் குரோம் அதற்கு 2023 தொடக்கம் வரை புதுப் பதிப்பு கொடுத்தது. ஆதரவு முடிந்த மறுநாளே எதுவும் நின்றுவிடாது. 10-இலும், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் வைரஸ் பட்டியல் வருவது வேறு, சிஸ்டத்தில் விழும் ஓட்டையை அடைப்பது வேறு. தண்ணீர் இறைக்க ஆள் இருக்கிறான், ஓட்டையை அடைக்க ஆள் இல்லை என்றால் அந்தப் படகில் எத்தனை நாள் போவீர்கள்? மச்சான் இதே லேப்டாப்பில்தான் நெட்பேங்கிங் செய்கிறார்.

அந்த ஓட்டை அடைக்கும் வேலைக்குத்தான் இஎஸ்யூ என்ற நீட்டிப்பு. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். புது வசதி எதுவும் வராது. 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் உள்ளே போய் செட்டிங்ஸை பேக்கப்புக்குக் கொடுத்தால் காசில்லை. அது வேண்டாம் என்றால் 30 டாலருக்கு ஈடான தொகை, அல்லது 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி. காசு கட்டினாலும் அக்கவுண்ட் கட்டாயம்.

இதில் ஒரு சிக்கலில் நான் மாட்டினேன். பேக்கப் என்றதும் எல்லாவற்றுக்கும் சரி கொடுத்துவிட்டேன். போட்டோ, டாக்குமெண்ட் எல்லாம் ஒன்டிரைவுக்கு ஏறத் தொடங்கி, இலவசமாகத் தரும் 5 ஜிபி ஒரே ராத்திரியில் நிரம்பியது. ஹாட்ஸ்பாட் டேட்டாவும் காலி. செட்டிங்ஸ் மட்டும் போனால் போதும். ஃபோல்டர்களை ஆஃப் செய்துவிடுங்கள்.

எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 அரை நிமிஷத்துக்குள் திறந்தது. பிரிண்டர், எக்ஸல், பழைய வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த சங்கக் கடிதங்கள் எல்லாம் இருந்தபடியே இருந்தன. குறை ஒன்றுதான்: இது தவணை. அக்டோபரில் மறுபடி இதே யோசனையில் உட்கார வேண்டும்.

பதினொன்றுக்கு ஏறுவது

விண்டோஸ் 11 கேட்பவை: டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (ஆன் ஆகும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் வசதி), 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், அப்புறம் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் உள்ள பிராசஸர். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்து. எங்கள் லேப்டாப்பில் டிபிஎம் இருக்கிறது, செக்யூர் பூட்டும் இருக்கிறது. பிராசஸர் 6-ஆம் தலைமுறை, அங்கேதான் கதவு சாத்தியாச்சு. மாடல் எண்ணில் கோட்டுக்குப் பின் வரும் முதல் எண்ணைப் பாருங்கள்: ஐ3-6006யூ என்றால் 6, ஐ5-8250யூ என்றால் 8. 8 என்றால் அநேகமாக உள்ளே. 7 என்றால் ஓரிரண்டைத் தவிர வெளியே. 10-ஆம் தலைமுறை முதல் இரண்டு இலக்கமாகப் படிக்க வேண்டும். 1005 என்று இருந்தால் அது 10.

சாத்திய கதவுக்குப் பின்வாசல் உண்டு. ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளில் பென்டிரைவ் தயார் செய்யும்போதே இந்தச் சோதனைகளை நீக்கிவிடலாம். செய்து பார்த்தேன், ஏறியது. ஒரு வாரம் ஓட்டினேன். எதுவும் திறக்காமலே 4 ஜிபியில் இரண்டரை ஜிபி போய்விட்டது. குரோமில் வாட்ஸாப் வெப், பக்கத்தில் எக்ஸல் என்று இரண்டைத் திறந்தால் ஃபேன் கத்தத் தொடங்கியது. சுத்தம் செய்த ஃபேனே அப்படி.

வேகத்தைவிட எனக்குப் பிடிக்காதது வேறு. இப்படிப் பின்வாசலில் ஏறிய லேப்டாப்புக்கு அப்டேட் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. மாதாந்திர அப்டேட் வந்துகொண்டிருக்கும், ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் 5 ஜிபிக்கு மேல் கோப்பு இறக்கி நாமே ஏற்ற வேண்டும். தினம் ஒன்றரை ஜிபி பேக்கில் இது நாலு நாள் டேட்டா. இன்னொரு பயமும் உண்டு. 11-இன் 24எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தால் பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். சாவி அந்த அக்கவுண்டில் இருக்கும். பாஸ்வேர்டை மறந்தால், உப்பு தின்று போர்டு போன நாளில் டிஸ்க்கை வேறு லேப்டாப்பில் மாட்டி எடுக்கவும் முடியாது. பாஸ்வேர்டு விஷயத்தில் மச்சானை எனக்குத் தெரியும்.

உங்களுடையது 8-ஆம் தலைமுறை, 8 ஜிபி ராம் என்றால் இந்தப் புலம்பல் எதுவும் உங்களுக்கில்லை. பேசாமல் ஏறிவிடுங்கள். பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் திரும்பவும் வழி உண்டு.

மின்ட்

மருமகன் கொண்டுவந்தது லினக்ஸ் மின்ட் 22, எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை ஆதரவு. கோப்பு 3 ஜிபிக்குள். இதில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, சவுண்டு வருகிறதா, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று எல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

நிறுவிய பிறகு சும்மா இருக்கும்போது ஒரு ஜிபிக்கும் குறைவாகத்தான் எடுத்தது. அதே குரோம், அதே வாட்ஸாப் வெப், ஃபேன் சத்தம் இல்லை. தமிழ்99 விசைப்பலகையைக் கீபோர்டு செட்டிங்கில் சேர்த்தால் போதும். விண்டோஸிலும் அது உண்டு என்பதால் விரலுக்கு மாற்றம் தெரியவில்லை. பாமினிக் கடிதங்கள் முதலில் “jkpo;” என்பது போலக் கோணல்மாணலாக வந்தன. எழுத்துருக் கோப்பைக் காப்பி செய்து போட்டதும் சரியாகிவிட்டது.

எக்ஸலுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ். மச்சானின் கணக்குக் கோப்பு திறந்தது, கூட்டல் எல்லாம் சரி. ஆனால் முன்பணம் கழிக்க நான் எழுதி வைத்திருந்த மேக்ரோ (எக்ஸலுக்குள் தானாக வேலை செய்யும் சின்ன நிரல்) ஓடவில்லை. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சாதாரண ஃபார்முலாவாக மாற்றினேன். உண்மையில் முதலிலேயே அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும்.

தோற்றது பிரிண்டரில். பல பிரிண்டர்கள் மின்ட்டில் செருகியதும் ஓடும். எங்களிடம் இருக்கும் பழைய லேசர் பிரிண்டர் அசையவில்லை. மருமகன் இரண்டு ராத்திரி கறுப்புத் திரையில் என்னென்னவோ தட்டினான். “வந்துரும் மாமா” என்றான். வரவில்லை. கடைசியில் யோசித்தால், படகுக்காரர்களுக்கு ரசீதை வாட்ஸாப்பில்தான் அனுப்புகிறோம். வாரத்தில் இரண்டோ மூன்றோ தாள்தான் பிரிண்ட். அதைக் கடையில் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. உச்சிப்புளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் கடையில் ஆதார் கைரேகைக் கருவி வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கிறார். அந்தக் கருவியை இயக்கும் ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான். “மின்ட் உங்களுக்கு வேண்டாங்க்கா, இஎஸ்யூ போட்டு அக்டோபர் வரை ஓட்டுங்க, அதுக்குள்ள வேற லேப்டாப் பாத்துக்கலாம்” என்றேன். டாலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் விண்டோஸ்தான். ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுகிற கம்பெனிகளுக்கும் அதுதான் தலைவலி இல்லாத வழி. தனி ஆள் நடத்தும் தொழில் என்றால் ஓடிபி போட்டே தாக்கல் செய்துவிடலாம், அதற்கு பிரவுசர் போதும். மச்சானுக்கு அதுவும் தேவைப்படவில்லை. பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி இல்லை.

கூகுளின் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் பற்றியும் கேட்பார்கள். 4 ஜிபியில் நன்றாக ஓடும். பிரவுசர் மட்டுமே போதும் என்பவர்களுக்கு அது. நெட் போனால் பாதி வேலை போச்சு. தீவில் அது எத்தனை முறை போகும் என்று எங்களுக்குத் தெரியும்.

வேறு லேப்டாப்

ஆபீஸ்களில் ஓடிக் கழித்த 8-ஆம் தலைமுறை லேப்டாப்புகள் மதுரையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கின்றன. எனக்கு ஒரு கடையில் 20,000 சொன்னார்கள். மாடலைக் கேட்டேன், ஐ5-7300யூ. “11 போட்டுத் தர்றோம் சார், லைஃப் டைம்” என்றார்கள். போட்டுத் தருவார்கள், பின்வாசல் வழியாக. கடையில் ஸ்டிக்கரைப் பார்க்காமல், சிஸ்டம் பக்கத்தைத் திறந்து பிராசஸர் எண்ணை உங்கள் கண்ணால் படியுங்கள். வீட்டில் தூங்கும் அரசு விலையில்லா லேப்டாப்பை எடுத்து ஓட்டலாமா என்பவர்களுக்கு: 2011-ஐ ஒட்டிக் கொடுத்தவை 11-க்கு நிச்சயம் ஆகாது. மின்ட் போட்டு, எஸ்எஸ்டி மாட்டினால் பிள்ளைகள் படிக்க ஓடும்.

வாடியில் என்ன செய்தோம்

எஸ்எஸ்டியில் மின்ட். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் அடிக்கவில்லை. விண்டோஸ் 10, எக்ஸல், மேக்ரோ, பிரிண்டர் டிரைவர் எல்லாம் இருந்தது இருந்தபடி அதில் இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் யார் கேட்டாலும் வற்புறுத்திச் சொல்வேன். சில வருஷம் முன்பு ஒரு கடையில் “ஓஎஸ் மாத்தணும்” என்று கொடுத்ததில், டி டிரைவையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். அக்கா கல்யாண போட்டோ அதோடு போனது. புது டிஸ்க் வாங்கி அதில் புது ஓஎஸ், பழைய டிஸ்க் பத்திரமாக. இதைவிட நல்ல பேக்கப் எனக்குத் தெரியாது. பிடிக்கவில்லை என்றால் பின்மூடியைக் கழற்றி அதை மாட்டினால் பழைய லேப்டாப் திரும்ப வந்துவிடும்.

மச்சான் முதல் நாள், “ஸ்டார்ட் பட்டன் எங்கடா மாப்ள?” என்றார். இடது மூலையைக் காட்டினேன். மறுநாள் டீக்கடைக்குக் கிளம்பும் வழக்கத்தில் ஆன் செய்துவிட்டு எழுந்தார், செருப்பைப் போடுவதற்குள் திறந்துவிட்டது. நின்று பார்த்தார். அப்புறமும் டீக்கடைக்குத்தான் போனார்.

ஹார்ட் டிஸ்க்கை, நண்டு கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் டப்பாவில், ஷூ பெட்டியில் கிடந்த சிலிக்கா பொட்டலம் நாலையும் போட்டு, இறுக்கி மூடி அக்கா வீட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். வாடியில் வைக்கவில்லை.