முறிகண்டியில சப்பின குளிசை எந்த ஊர் தாண்டேக்க வேலை செய்யுது? என்ர மூண்டு வருசக் கணக்கு

நான் வான் ஓடுறன், கிளிநொச்சி கொழும்பு, கிழமையில மூண்டு தரம், அநேகமா இரவு ஓட்டம்தான். நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, கிடைச்ச கடையில கொத்து, நித்திரை முறிக்க வெறும் வயித்தில பிளேன்ரீ, முறிகண்டியில பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திப்போட்டு ஒரு பை சுடச்சுடக் கச்சான். இப்பிடி ஓடினா நெஞ்செரியாம வேற என்ன செய்யும். 2021 கடைசியில தொடங்கினது, அண்டையில இருந்து வயித்து அமிலத்தை முடிக்கிற குளிசை எண்டு கையில கிடைச்ச எல்லாத்தையும் சப்பிப் பாத்தாச்சு.

எனக்கு மணிக்கூடு பாக்கிற பழக்கம் இல்லை, ஏ9 ரோட்டுத்தான் மணிக்கூடு. முறிகண்டியில ஒண்டைப் போட்டா, கொக்காவில் கோபுரம் தாண்டேக்க எரிவு எப்பிடிக் கிடக்கு, மாங்குளம் சந்தியில எப்பிடி, புளியங்குளத்தில எப்பிடி, ஓமந்தை வரேக்க திரும்ப எரியுதோ, இதுதான் கணக்கு. முறிகண்டியில இருந்து மாங்குளம் கிட்டத்தட்ட இருவது கிலோமீற்றர், இரவில ரோட்டு வெறிச்செண்டு கிடந்தா இருவது நிமிசம். விஞ்ஞானம் இல்லைத்தான், ஆனா அதே ஆள், அதே ரோட்டு, அதே கச்சான்.

கெதிக்கு முதலிடம் அப்பச்சோடாதான், அதில பேச்சுக்கே இடமில்லை. 2022 இல மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் பாமசியில போய்க் கேட்டா கையை விரிக்கினம், நாங்கள் செட்டில டீசலுக்கு ராப்பகலா வரிசையில கிடக்கிறம், சாப்பாடில்லாம வயிறு பத்தி எரியுது. பக்கத்தில நிண்ட லொறிக்கார ஐயா ஒரு கிளாஸ் தண்ணியில அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கலக்கித் தந்தார், குடிச்சு ரெண்டு நிமிசம் இல்லை, பெரிய ஏப்பம் ஒண்டு வந்து எரிவு போயிட்டுது. அது தண்ணியில கரைஞ்சு போறதால கரையக் காத்திருக்கத் தேவையில்லை, அமிலத்தில பட்ட உடன வேலை. ஆனா வந்த வேகத்திலயே போயிடும், அண்டைக்கு ஒரு மணித்தியாலம் கூட நிக்கேல்ல. அமிலத்தோட சேரேக்க வாற காபனீரொட்சைட்டு வாயு வயித்தை ஊதப் பண்ணும், அதால வயிறு முட்டச் சாப்பிட்டுப்போட்டு இதைக் குடிக்கவே கூடாது. உப்புச் சங்கதியும் கிடக்கு, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவில 1200 மில்லிகிராமுக்கு மேல சோடியம். மனிசிக்குப் பிரஷர், அவவுக்குக் குடுக்கிறேல்லை. பாமசியில பைக்கற்றில விக்கிற பழ உப்பும் இதே சோடாதான், சிற்றிக் அமிலம் சேத்துப் பொங்க வைக்கிறது.

அடுத்தது கனடாவில இருந்து வந்த மச்சான் ஒரு போத்தல் டம்ஸ் தந்திட்டுப் போனவர், ஒரு குளிசையில கல்சியம் காபனேற்று 1000 மில்லிகிராம், இனிப்பு மாதிரிச் சப்பலாம். கொக்காவில் கோபுரம் வரமுன்னம் ஆறுதல். இதுக்கும் ஏப்பம் வரும். கல்சியம் காபனேற்று எண்டால் பெரிய வெளிநாட்டுச் சாமான் எண்டுதான் நான் நினைச்சன், மகள் சிரிச்சாள். "அப்பா, எங்கட கேத்திலுக்க வெள்ளையாப் படியுதெல்லே, அதுவும் உதுதான்" எண்டாள். எங்கட கிணத்துத் தண்ணி வன்தண்ணி எண்டு எல்லாருக்கும் தெரியும், மாசத்துக்கு ஒருக்கா வினாகிரி விட்டுக் கேத்தில் கழுவேக்க நுரைச்சுக்கொண்டு கல் கரையும், அதே நுரைதான் வயித்துக்குள்ளயும். (அதுக்காகக் கேத்திலச் சுரண்டித் தின்னாதேங்கோ.) குறை என்னெண்டால் நாலஞ்சு நாள் தொடர்ந்து சப்பினா மலச்சிக்கல். நான் இதோட பால்தேத்தண்ணியும் மாறி மாறிக் குடிச்சதைக் கேட்டிட்டு டொக்டர் ஏசினவர், கல்சியமும் பாலும் அளவுமிஞ்சிச் சேந்தா ரத்தத்தில கல்சியம் கூடிக் கிட்னியைக் கெடுக்குமாம்.

மூண்டாவது எல்லாப் பாமசியிலயும் மலிவாக் கிடைக்கிற அலுமினியம், மக்னீசியம் ஐதரொட்சைட்டு ரெண்டும் கலந்த புதினா மணக் குளிசை. இதைத்தான் கனகாலம் பாவிச்சன், இதிலதான் மடைத்தனமும் பாத்தன். முதல் ஆறு மாசம் தண்ணியோட முழுசா விழுங்கிக்கொண்டிருந்தன், புளியங்குளம் தாண்டியும் எரிவு அப்பிடியே, கள்ளக் குளிசையாக்கும் எண்டு பாமசிக்கார அண்ணையோட சண்டைக்கும் போனன். அவர் பொறுமையாக் கார்ட்டைத் திருப்பி, சப்பிச் சாப்பிடவும் எண்டு போட்டிருந்ததைக் காட்டினார். சரி எண்டு அடுத்த ஓட்டத்தில மாவாகுமட்டும் நல்லாச் சப்பிப்போட்டு ரெண்டு முடறு தண்ணி குடிச்சன், மாங்குளம் சந்தி வரேக்க ஆறுதல். அதே குளிசைதான்! மக்னீசியம் கெதியா வேலை செய்யும், தனிய எடுத்தா வயித்தால போகும், அலுமினியம் மெதுவாத்தான் தொடங்கும், அது மலத்தை இறுக்கும், ரெண்டையும் சேத்தா ஒண்டை ஒண்டு சரிக்கட்டும். இதே மருந்தைப் பாணியா எடுத்தா இன்னும் கெதி, ஏற்கனவே பொடியாக் கிடக்குத்தானே, ஆனா ஓடுற வானுக்குள்ள போத்தலும் கரண்டியும் எனக்குச் சரிவராது.

நான் இதைச் சொல்லச் சொல்ல ஏஎல் படிக்கிற மகள் குசினியில ஒரு பரிசோதனை வைச்சவள். முத்தத்துச் செவ்வரத்தம்பூவை அவிச்ச தண்ணி, நாலு கிளாசில ஊத்தி, ஒவ்வொண்டுக்கும் ஒரு தேக்கரண்டி வினாகிரி. எல்லாம் நல்ல ரோசாச் சிவப்பு. ஒண்டுக்க அப்பச்சோடா, போட்ட உடன நுரைச்சுக் கலர் மாறிப் பச்சைப் பக்கம் போட்டுது. ரெண்டாவதில பொடியாக்கின கல்சியக் குளிசை, ஒரு தேத்தண்ணி ஆறிற நேரத்துக்குள்ள சிவப்புக் குறைஞ்சு ஊதாவாச்சுது. மூண்டாவதில பொடியாக்கின கலப்புக் குளிசை, அது இன்னும் கொஞ்சம் சுணங்கினது. நாலாவதில அதே கலப்புக் குளிசை முழுசா. அது கல்லு மாதிரி அடியில கிடந்தது, நான் குளிச்சிட்டு வந்து பாக்கவும் மேல சிவப்புத்தான். "வினாகிரி மென்னமிலம், வயித்துக்க இருக்கிறது ஐதரோகுளோரிக், அமில அளவு பீஎச் ஒண்டரை ரெண்டு, சூடும் 37 பாகை, அதால நேரத்தைப் பாக்காதேங்கோ அப்பா, வரிசையை மட்டும் பாருங்கோ" எண்டு எனக்கே வகுப்பெடுத்தாள்.

பேந்து கொப்பியில கணக்கும் போட்டுக் காட்டினவள், எனக்கு அதுதான் கண்ணைத் திறந்தது. அப்பச்சோடா 500 மில்லிகிராம் 6 மில்லிமூல் (அமிலத் துணிக்கையளை எண்ணுற அளவு) அமிலத்தைத்தான் முடிக்கும், கல்சியம் காபனேற்று 500 எண்டால் 10, மக்னீசியம் ஐதரொட்சைட்டு 400 மில்லிகிராமே கிட்டத்தட்ட 14. அலுமினியம் ஒரு மூலக்கூறு மூண்டு அமிலத்தைப் பிடிக்கும், ஆனா அவசரப்படாது. கெதியா ஓடுறவன் கனக்கச் சுமக்கிறான் எண்டு இல்லை.

இன்னொண்டு, எப்ப சப்பிறம் எண்டது. வெறும் வயித்தில போட்டா அரை மணித்தியாலத்தில வயிறு அதைக் கீழ தள்ளிப்போடும், எனக்கு ஓமந்தையில திரும்ப எரியும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சுப் போட்டா சாப்பாட்டோட சேந்து நிண்டு ரெண்டு மூண்டு மணித்தியாலம் தாங்கும், மதவாச்சி என்ன, அனுராதபுரமே தாண்டிடுவன். கவிஸ்கோன் வேற ரகம், அது அமிலத்தை முடிக்கிறதை விட மேல ஒரு படலமா மிதந்து எதுக்களிக்கிறதை மறிக்கிறது, இரவு படுக்கேக்க எனக்கு அது நல்லம்.

எங்கட ஆக்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது கிட்னி. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக வருத்தக்காரர் கனபேர், கிட்னி பழுதெண்டால் மக்னீசியமும் அலுமினியமும் உடம்பில தேங்கிடும், கேக்காமக் கொள்ளாமச் சப்பக் கூடாது. மனிசி இரும்புக் குளிசையும் இதையும் ஒண்டாப் போட்டுக்கொண்டிருந்தவ, கிளினிக்கில ரெண்டு மணித்தியாலம் இடைவெளி விடச் சொல்லிச்சினம். தைரொயிட் குளிசைக்கு நாலு.

கடைசியா, போன வருசம் நாளுக்கு ஆறேழு குளிசை எண்டு போகத்தான் டொக்டரிட்டப் போனன். மலம் கறுப்பாப் போகுதோ, விழுங்கேக்க அடைக்குதோ, மெலிஞ்சிட்டியளோ எண்டுதான் முதல் கேட்டவர், ஒண்டும் இல்லை எண்ட பிறகு ஒமெபிரசோல் தந்தவர், காலமைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னம். முதல் ரெண்டு நாள் ஒரு மாற்றமும் இல்லை, எறிவமோ எண்டும் யோசிச்சன். அது வந்த அமிலத்தை முடிக்கிற மருந்தில்லை, அமிலம் சுரக்கிற இடத்தைப் பூட்டுறது, முழுசாப் பிடிக்க நாலு நாள் செல்லும். அந்த நாலு நாளும் புதினாக் குளிசைதான் துணை. ரெண்டு மாசத்தில நிப்பாட்டச் சொன்னார், நிப்பாட்டியாச்சு.

இப்ப வானுக்குள்ள ஒரு கார்ட் கிடக்கு, வாங்கி மாசம் ஒண்டு, ஆறு குளிசை மிச்சம். கொத்து விட்டிட்டன். கச்சான் விடேல்ல.